இரண்டு வீட்டுக் கிணறு

மனிதன் அடிப்படையில் தனியன் என்று நிரூபிக்க என் கணவர் நாற்பது பக்கம் எழுதினார். அதை எழுதி முடிக்க அவருக்கு நாலு பேர் தேவைப்பட்டார்கள். காப்பி கொண்டுவர ஒருவர், மூக்குக்கண்ணாடியைத் தேடித்தர ஒருவர், மைக்கூட்டை நிரப்ப ஒருவர், எழுதியதைப் படித்துக்காட்டும்போது எதிரில் உட்கார்ந்து கேட்க ஒருவர். அந்த நாலு பேரும் நான்தான்.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினெட்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஒரு தெருவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாமனாரும் மாமியாரும் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவருக்கு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் தலைப்பாகையும் கோட்டுமாகக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார். வந்து காப்பி குடித்த கையோடு வாசகசாலைக்குப் போய்விடுவார். அங்கே நாலைந்து நண்பர்கள் கூடி உலகத்தில் தீராத விஷயங்களையெல்லாம் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். மீன மாதம், அதாவது நம் பங்குனி, முதல் ஞாயிற்றுக்கிழமை இவர் பேசுவது என்று முடிவாகியிருந்தது. இவர் எடுத்துக்கொண்ட விஷயம்தான் இந்தத் தனிமை.

நான் பிறந்த வீட்டில் பதினோரு பேர். ஒருவர் தும்மினால் நாலு பேர் நூறு வயசு சொல்வார்கள். இங்கே அவர் படியிறங்கிப் போனபிறகு எட்டு மணி நேரம் ஒரு மனிதக் குரல் கிடையாது. முதல் இரண்டு மாதம் நான் பாத்திரங்களோடு பேசினேன். அவற்றில் வெண்கலப்பானை பரவாயில்லை, சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

பக்கத்து வீட்டில் போய்ப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வந்த அன்றே அதற்கு வழியில்லாமல் போயிற்று. விறகு இங்கே, அரிசி அங்கே என்று வீட்டைச் சுற்றிக் காட்டியவர் அதே குரலில், "நம்மாத்துக்கும் அவாத்துக்கும் பேச்சில்லை, கேட்டியா" என்றார். பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன் தெருவில் நடந்த ஒரு கல்யாணத்தில் சந்தனத் தட்டை முதலில் யாரிடம் நீட்டினார்கள் என்பதில் இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் மனஸ்தாபம். சண்டை போட்ட இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சண்டை மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

ஆனால் கிணறு ஒன்றுதான். எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. கொல்லையில் அந்தச் சுவர் கிணற்றின் மேலேயே போகும். வாய்க்குக் குறுக்கே ஒரு கல் உத்தரம் போட்டு அதன்மேல் சுவரை எழுப்பியிருந்தார்கள். பாதி வட்டம் எங்களுக்கு, பாதி வட்டம் அவர்களுக்கு. உத்தரத்துக்குக் கீழே சுவர் கிடையாது, தண்ணீருக்கும் கிடையாது. தெருமுனையில் குழாய் வந்துவிட்ட காலம்தான். குழாய்க்குள் தோல் வளையம் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டதால் சமையலுக்கும் பூஜைக்கும் கிணற்றுத் தண்ணீர்தான் என்று தெருவே பிடிவாதமாக இருந்தது.

அப்படிப்பட்ட கிணற்றில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வாளி இறக்கினால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். அதற்காக முன்னோர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இறக்குவதற்கு முன் வாளியால் கைப்பிடிக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். ஆகட்டும் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வரும். கொஞ்சம் பொறு என்றால் வேகமாக மூன்று. பேச்சை நிறுத்திய பெரியவர்களால் இந்தத் தட்டலை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் இரண்டு வீட்டிலும் உலை ஏறாது.

அந்தப் பக்கத்தில் தட்டுகிறவள் அந்த வீட்டு மருமகள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள் என்று கோயிலில் தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். கூட அவள் மாமியார், அவள் கணவர். விடியற்காலையில் நான் இரண்டு தட்டுவேன், அவள் ஒன்று தட்டுவாள். பிறகு அவள் இரண்டு, நான் ஒன்று. அந்த ஊரில் எனக்கென்று இருந்த துணை அதுதான். என் தட்டலுக்கு ஒரு பதில் வந்துவிட்டால் அன்றைய நாளை ஓட்டிவிடுவேன். வேண்டாத வேலைக்கெல்லாம் தண்ணீர் இறைத்தேன். வாழைக்கு நான் ஊற்றிய தண்ணீரில் தவளை குடிவந்துவிட்டது.

போகப்போக அந்தத் தட்டலில் எல்லாம் தெரிய ஆரம்பித்தது. கோபமாக இருக்கிறாளா, விருந்தாளி வந்திருக்கிறார்களா, தலைவலியா என்பதெல்லாம் கேட்கும். மாதத்தில் மூன்று நாள் அவள் கை வராது. அவள் ஒதுங்கி உட்காரும் நாட்கள். கிணற்றைத் தொடக்கூடாது, அடுக்களைக்குள் போகக்கூடாது. அந்த மூன்று நாளும் மாமியாரின் கனத்த கை அதட்டுவதுபோலத் தட்டும். பத்தாம் தேதி வாக்கில் ஆரம்பிக்கும் என்பது மூன்றாவது மாதமே எனக்கு மனப்பாடம். என்னுடைய மூன்று நாளில் எங்கள் பக்கம் இவர் வந்து இறைப்பார். இவருக்குத் தட்டவேண்டும் என்ற நினைவே இருக்காது. வாளியைச் சுவரில் இடித்து, பாதித் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு, "சிவ சிவா" என்று சொல்லிக்கொண்டே போவார்.

அந்த ஊர்க் கணக்கில் தனுர், மகரம், கும்பம் என்றால் நம் மார்கழி, தை, மாசி. தனுர் மாதம் பத்தாம் தேதி அவள் ஒதுங்கினாள். மகர மாதம் பத்தாம் தேதி காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவளே தட்டினாள். பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து என்று நாட்கள் போயின. அவளேதான் தட்டினாள். மாமியாரின் கை வரவே இல்லை. போதாததற்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கஷாய வாசனையும் தைல வாசனையும் வர ஆரம்பித்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குத்தானே இந்த உபசாரமெல்லாம் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வார்த்தை பேசியறியாத ஒருத்திக்காக அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். இருந்தாலும் அவசரப்படக்கூடாது என்று கும்ப மாதம் பத்து தாண்டும்வரை பொறுத்தேன். அப்போதும் அவளேதான் தட்டினாள்.

இதே நாட்களில் அவர் வாசகசாலையிலிருந்து திரும்பியதும் தினமும் வீட்டில் தனிமைப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அவருடைய பலமான வாதம் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதைப் படிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"அவனவன் ஒடம்புக்குள்ளே நடக்கறது அவனவனுக்குத்தான் முதல்லே தெரியும். மத்தவா யாருக்கும் அது தெரிய வழியே இல்லை. எனக்குப் பல்வலின்னா அது எனக்கு மட்டும்தான். உனக்கு அதிலே பங்கில்லை. என்ன சொல்றே?"

"போன ஐப்பசியிலே உங்களுக்குப் பல்வலி வந்தப்போ தெருவிலே ஒருத்தரும் தூங்கலையே."

"அது சத்தம். நான் சொல்றது வலி."

"சரி, அப்போ சத்தத்திலே எங்களுக்குப் பங்கு உண்டுன்னு ஒரு வரி சேத்துக்கோங்கோ."

அவர் சேர்க்கவில்லை. எனக்கும் வாதாடத் தெம்பில்லை, கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் தூக்கம் கண்ணைச் சுற்றியது. தத்துவம் அப்படித்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

கும்பம் இருபத்துமூன்றாம் தேதி துணிந்துவிட்டேன். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய வடுமாங்காய் ஒரு பரணி நிறைய இருந்தது. சின்னப் பரணி ஒன்றில் கொஞ்சம் எடுத்து, வாயைத் துணியால் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டேன். புதிதாக நாலு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கம் நிசப்தம். கயிற்றை ஒரு முழம் இறக்கி ஆட்டினேன். உத்தரத்துக்கு அடியில் பரணி அந்தப் பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. மூன்றாவது தடவை கயிறு இலேசாயிற்று. கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று அதை வாங்கிக்கொண்டதைத் தண்ணீரில் பார்த்தேன். மசக்கைக்காரிக்குப் புளிப்பு அனுப்பிவிட்ட பெருமையில் அன்று ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன்.

மறுநாள் காலை இரண்டு தட்டினேன். பதில் வரவில்லை. இன்னும் இரண்டு தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, தட்டாமலேயே அந்தப் பக்கத்து வாளி இறங்கும் சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும்.

அந்த நாலு நாட்களைப்போல என் ஆயுளில் நான் தனியாக இருந்ததில்லை. இவருடைய நாற்பது பக்கத்தில் ஒரு வரிகூட அதைச் சொல்லவில்லை. எதிரி வீட்டுப் பண்டம் என்று கோபமா, மாமியார் பார்த்துவிட்டாளா, அல்லது நான் செய்தது எங்கேயோ அவளைக் குத்திவிட்டதா என்று புரண்டேன். யாரிடம் கேட்பது? இருந்த ஒரே துணையை ஒரு கை வடுமாங்காயில் தொலைத்துவிட்டேன் என்று அழுதேன். இவர் பார்த்துவிட்டு, நான் எழுதினதைக் கேட்டா மனசு கலங்கத்தான் செய்யும் என்று என்னைத் தேற்றினார்.

ஐந்தாம் நாள் எனக்கு ரோஷம் வந்தது. நானும் தட்டாமல் வாளியை இறக்கினேன். பாதியில் கயிறு நின்றது. இழுத்தேன், வரவில்லை. அந்தப் பக்கத்திலும் யாரோ இழுக்கிறார்கள். கொஞ்ச நேரம் இருவரும் மூச்சுப்பிடித்து இழுத்தோம்.

"இழுக்காதே, குட்டி. இன்னும் முறுகும்" என்றது அந்தப் பக்கம். "நீ தளத்திக் கொடு, நான் பிரிக்கறேன்."

அதுதான் நான் கேட்ட முதல் குரல். குனிந்து பார்த்தேன். அவளும் குனிந்திருந்தாள். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மாமி என்றால் வயதாக்கிவிடும்.

"அக்கா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

அவள் கயிற்றைப் பிரித்துக்கொண்டே பேசினாள்.

"நீ அனுப்பிச்சது எதுக்குன்னு எனக்கு மனசிலாச்சு. அப்படி ஒண்ணும் இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு. ஒரு தடவைகூட எனக்கு நாள் தள்ளினதில்லை."

எட்டு வருஷம் காத்திருப்பவளுக்கு நான் வடுமாங்காய் அனுப்பியிருக்கிறேன்.

"மாமியாருக்கு ரெண்டு மாசமா எழுந்திருக்க முடியலை" என்றாள். "குளிமுறியிலே வழுக்கி விழுந்து இடுப்பிலே அடி. கஷாயமும் தைலமுமா படுக்கையிலே கெடக்கா. திருப்பிப் படுக்க வைக்கணும்னாலும் நான்தான். எங்காத்து மனுஷருக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. நான் மூணு நாள் ஒதுங்கி உக்காந்தா அவாளை யார் பாக்கறது? அதனாலே சொல்லலை. ரெண்டு மாசமும் சொல்லலை. இந்தக் கிணத்துலேதான் இறைச்சேன். உங்காத்துப் பூஜைக்கும் இதே ஜலந்தான். நீ என் நாளை எண்ணறேன்னு தெரிஞ்சதும், இதுவும் உனக்குத் தெரிஞ்சுடும்னு பயந்துதான் நாலு நாளா தட்டலை. இனிமே நீ யார்கிட்டே வேணா சொல்லிக்கோ."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மடியிலும் ஆசாரத்திலும் வளர்ந்தவள் நான். இவர் இரண்டு மாதமாகச் செய்த சந்தியாவந்தனமெல்லாம் கண்முன் வந்து போனது. பிறகு தண்ணீரில் அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"நீங்க தட்டறது என்னிக்கும் ஒரே மாதிரிதான் கேட்டுது, அக்கா" என்றேன். "எனக்கு வேறொண்ணும் தெரியாது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "செத்த நில்லு, ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளுங்கோ."

"என் நாளை எண்ணினியே, உன் நாளை எண்ணினியோ?"

நான் விரலை மடக்கத் தொடங்கினேன்.

"உங்காத்து மனுஷர் கடைசியா வாளியைச் சுவத்துலே இடிச்சது மகரம் ஏழாம் தேதி. இன்னிக்குக் கும்பம் இருபத்தெட்டு. அம்பது நாள் தாண்டியாச்சு, குட்டி."

கும்பம் ஏழாம் தேதி நான் எங்கே இருந்தேன்? இதே கிணற்றடியில், அவளுடைய பத்தாம் தேதி வருகிறதே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சாயங்காலத் தூக்கம், ரசத்தின் வாசனை பிடிக்காமல் போனது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. பாவம், தத்துவத்தின்மேல் வீணாகப் பழி போட்டிருந்தேன்.

"நீங்க எப்போலேர்ந்து எண்றேள்?"

"நீ இந்தாத்துக்கு வந்த மாசத்துலேர்ந்து. என்னோடதை எண்ணி எண்ணி சலிச்சுபோச்சு. உன்னோடதாவது தள்ளாதான்னு பாத்துண்டிருந்தேன். பத்து நாள் முன்னாடியே சந்தேகந்தான். எனக்கே இல்லாதப்போ நான் வாயைத் தெறந்து சொன்னா கண்ணு பட்டுடுமோன்னு பேசாம இருந்தேன். இன்னிக்கு மனசு கேக்கலை. வெஷமிக்கண்டாம், கவலைப்படாதே, நல்லதே நடக்கும்."

அழுதேன். இந்தத் தடவை சந்தோஷத்தில்தான், ஆனால் அவளுக்காகவும் கொஞ்சம் அழுதேன். அவள் அதட்டினாள். "போரும். ஓரமா கல்லு வழுக்கும், தள்ளி நில்லு. பரணியைப் பிடிச்சுக்கோ. நான் ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன். பாக்கியை உனக்குன்னு வெச்சிருந்தேன்." உத்தரத்துக்கு அடியில் என் பரணி ஆடி ஆடி என்னிடமே வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். முகமெல்லாம் சிவந்து, எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, "யாராக்கும் சொன்னா? வைத்தியர் வந்தாரா?" என்றார்.

"பக்கத்தாத்து அக்கா."

"அவாளுக்கும் நமக்கும் பேச்சில்லையே."

"உங்களுக்குத்தான் பேச்சில்லை. எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சுடுத்து. என் ஒடம்புலே நடக்கறது சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவளுக்கு முதல்லே தெரிஞ்சுது. உங்க பன்னண்டாம் பக்கத்தை என்ன பண்ணப் போறேள்?"

அவர் காகிதக் கட்டைப் பிரித்து, பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் எடுத்து நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அவரிடம் எனக்கு அளவில்லாத பிரியம் வந்தது அப்போதுதான்.

மீனம் முதல் ஞாயிற்றுக்கிழமை, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வாசகசாலைக்குப் போய், மனிதன் தனியன் என்று முப்பத்தொன்பது பக்கம் வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்களாம். அவர் அங்கே வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் இருவரும் கிணற்றின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து, ஒரு வருஷத்துப் பாக்கிப் பேச்சில் கால்வாசியைப் பேசி முடித்தோம். அவர் வாதம் முழுக்கத் தப்பு என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். பல்வலி அவருடையதுதான். ஆனால் நம்மை எண்ணிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கிறாரா என்பது நமக்குப் பாதி நாள் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் மாதம் என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். பெண் பிறந்தது. மூன்று மாதக் குழந்தையோடு திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது ஒரு சாயங்காலம். மறுநாள் விடிந்ததும் குழந்தையை அவர் பக்கத்தில் கிடத்திவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. குழந்தையோடு வந்திருப்பவள் தட்டினால் இப்போது அவளுக்கு எப்படிக் கேட்கும்? பேசிப் பழகியதெல்லாம் மறந்து, புதுப்பெண்ணாக வந்த நாளில் தட்டியதுபோல மெதுவாக இரண்டு தட்டினேன்.

வேகமாக மூன்று வந்தது. பொறு என்று அர்த்தம்.

பொறுத்தேன். வாளி எதுவும் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் பேச்சுக்குரல் கேட்டு உள்ளே ஓடினேன். பேப்பரும் கையுமாக இவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நடைக் கதவுக்கு இந்தப் பக்கம், பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டார் யாரும் மிதிக்காத இடத்தில், ஈரத் தலையை முடிந்துகொண்டு அவள் நின்றாள். தெருவே பார்க்க வாசல் வழியாக வந்திருக்கிறாள். இவர் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடி, கடைசியில் "வாங்கோ" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. முதல் தடவையாகத் தண்ணீரில் இல்லாமல் நேராக என் முகத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கொழந்தையைக் குடு" என்றாள்.